பெரும்பாக்கத்தில் நம் இட்லி ஆயா

அன்புள்ள தோழிக்கு,

நலமா? பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நம் இட்லி ஆயா போன வாரம் போய்ச் சேர்ந்துவிட்டது.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் ஆயாவின் அடுப்பைச் சுற்றித்தானே நாம் வளர்ந்தோம். அம்மாக்கள் இருட்டோடு மீன் மார்க்கெட்டுக்குக் கிளம்பினால் சந்துப் பிள்ளைகள் எல்லாம் ஆயா பொறுப்பு. காசு இல்லையென்றால் சுவரில் கரிக்கோடு போட்டுவிட்டு இட்லியைக் கொடுக்கும்.

2017-இல் கூவம் ஓரத்து வீடுகளை எடுத்துவிட்டு எங்களை இங்கே பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள், நீ அதற்கு முன்பே கல்யாணமாகிப் போய்விட்டாய். எட்டு மாடி, உள்ளேயே கழிவறை, ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வராது, இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே சந்துக்காரர்கள் ஆளுக்கொரு பிளாக்காகச் சிதறிவிட்டோம். எதிர்வீட்டில் யார் என்றே தெரியாதபோது யாரை நம்பிச் சீட்டுப் பிடிப்பது? அம்மா பிடித்த சீட்டு அந்த வருடமே நின்றுபோனது. வேலை பார்த்த வீடுகள் எல்லாம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளி, குழந்தையை விட்டுப் போக ஆள் இல்லை. 2021-இல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்கு முன்னால், கைமாற்றுக் கேட்க ஒரு ஆள் இல்லாமல் வாரவட்டிக்கு வாங்கினேன், இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆயா மட்டும் சும்மா இருக்கவில்லை. வந்த இரண்டாம் மாதமே மாடிப்படிக்குக் கீழே அடுப்பு வைத்துவிட்டது. சைதாப்பேட்டையிலிருந்து வந்தவர்கள், அடையாறு பக்கத்திலிருந்து வந்தவர்கள், யாராக இருந்தாலும் கடன்தான், கோடுதான்.

செத்த அன்று லிஃப்ட் ஓடவில்லை. வீடு ஏழாவது மாடி. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன், எந்தெந்த பிளாக்கிலிருந்தோ பையன்கள் வந்து, முட்டிக்கொள்ளாமல், சாய்க்காமல், ஒவ்வொரு திருப்பத்திலும் தோள் மாற்றி ஆயாவைக் கீழே இறக்கினார்கள். முக்கால்வாசிப் பேரை எனக்கு முகம்கூடத் தெரியாது. மேளத்துக்கும் பந்தலுக்கும் படிக்கட்டுப் பெண்களே வசூல் பண்ணிவிட்டார்கள், என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. பேட்டையிலிருந்து நம் பழைய ஆட்களும் பஸ் பிடித்து மாலையோடு வந்தார்கள்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அந்தப் பெண்களோடு சேர்ந்து தை மாதத்திலிருந்து சீட்டு ஆரம்பிக்கிறோம். மாதம் 500 ரூபாய், பத்துப் பேர். ஒன்பது பேர் ஆகிவிட்டது. உன் பேரை எழுதிக்கொள்ளட்டுமா, சீக்கிரம் சொல்லுடீ.

அன்புடன்,
உன் பக்கத்து வீட்டுக்காரி