கடலுக்கும் ஒரு வார இறுதி ஒதுக்குங்கள்: கோலாலம்பூர் தமிழ் இளைஞர் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர் வட்டாரத் தமிழ் இளைஞர் மன்றங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வணக்கம்.

ஃபுட்சால் போட்டி, கபடி, திருக்குறள் மனனப் போட்டி, தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் என்று ஆண்டு முழுக்க ஓடி ஓடிச் செய்கிறீர்கள். அந்த உழைப்பைக் கூடவே இருந்து பார்த்தவள் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் ஒரு வார இறுதியை ஒதுக்கி, நம் இளைஞர்களைக் கிழக்குக் கரைக்கு அழைத்துப் போய், பலகையில் ஏறி அலைமேல் வழுக்கி வரும் சர்ஃபிங்கின், அதாவது அலைச்சறுக்கின், முதல் பாடத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஆண்களோடு பெண்களையும் அழைத்துப் போங்கள். நீச்சல் தெரியாதவர்களுக்கு அதற்கு முன்னால் சில மாதம் நீச்சல் வகுப்பு வையுங்கள்.

சர்ஃபிங் வெள்ளைக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். தமிழ்நாட்டில் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பலகையோடு அலையேறுகிறவர்களில் பலர் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில்தான் நடந்தது. இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் அங்கே வெண்கலம் வென்றார். இலங்கையின் கிழக்கே அறுகம்பேக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருகிறார்கள். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து இது ஒலிம்பிக் விளையாட்டும்கூட. சரி, இது போதும். பதக்கத்துக்காக நான் இதைக் கேட்கவில்லை.

நம் ஆண்டுவிழா மேடைகளில் 1025-இல் கடாரத்தின், அதாவது இன்றைய கெடாவின், மீது படையெடுத்த ராஜேந்திர சோழனின் கப்பற்படையைப் பேசாமல் விடுவதில்லை. எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும். பிறகு வந்த நம் தாத்தா பாட்டிகளும் கடல் வழியாகத்தான் வந்தார்கள். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிப் பினாங்கிலோ, அன்றைக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றிருந்த கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. இறங்கிய கையோடு ரப்பர்த் தோட்டத்துக்குள் போய்விட்டார்கள். அதற்கப்புறம் அவர்கள் பார்த்த தண்ணீர் தோட்டத்து ஆறும், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டையும்தான். குட்டையில் குளிக்கப் போன பிள்ளை திரும்பி வராத வீடுகள் இருந்தன. அந்தப் பயம் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தபோது கூடவே வந்தது. ஜாதகத்தில் "தண்ணீரில் கண்டம்" என்று கேட்டே வளர்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே பலர் இருக்கிறார்கள்.

அந்தப் பயத்தைப் பழிக்க எனக்கு மனம் வராது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் பயம் அது. ஆனால் அதை மட்டும் கொடுத்து வளர்த்தால் போதாது. இளைஞர்கள் எப்படியும் தண்ணீருக்குப் போகத்தான் போகிறார்கள். உலு லங்காட் ஆற்றுக்குப் போகிறார்கள், பெந்தோங் பக்கத்து நீர்வீழ்ச்சிக்குப் போகிறார்கள், நீண்ட விடுமுறை என்றால் போர்ட்டிக்சன். போகும்போது தண்ணீரைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போகிறார்கள். மேலே மலையில் மழை பெய்தால் கீழே ஆறு திடீரென்று பொங்கி வரும் என்பதும், கடலில் எந்த இடம் ஆளை உள்ளே இழுக்கும் என்பதும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

அலைச்சறுக்கின் முதல் பாடத்தில் அதைச் சொல்லித்தருகிறார்கள். நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணமே அதுதான்.

நானும் என் அக்கா மகளும் கிழக்குக் கரையில் பகாங்கின் செராத்திங்கில் அந்தப் பாடத்துக்குப் போயிருந்தோம். இருவருக்கும் முதல் தடவை. பயிற்சியாளர் ஒரு மலாய் இளைஞர், அந்த ஊர்க்காரர். பலகையை உடனே கையில் தரவில்லை. மணலில் உட்காரவைத்துக் கடலையே பார்க்கச் சொன்னார். எங்கே அலை உடைகிறது, எங்கே உடையவில்லை என்று கேட்டார். ஒரு பக்கம் வெள்ளை வெள்ளையாக நுரை. இன்னொரு பக்கம் ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் கருத்து, அலையே இல்லாமல் சமமாகத் தெரிந்தது. எங்கே இறங்குவாய் என்று அக்கா மகளைக் கேட்டதும் அவள் அந்த அமைதியான பட்டையைக் காட்டினாள். யாராக இருந்தாலும் அதைத்தான் காட்டியிருப்பார்கள். கரைக்கு வந்து சேர்ந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகும் வழி அதுதான் என்றார் அவர்.

விஷயம் எளிது. அலை ஓயாமல் கரைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் எங்காவது ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அடியில் மணல் திட்டு தாழ்ந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதன் வழியே ஒரு நீரோட்டமாகப் பாய்கிறது. ஆழம் கூடுதல் என்பதால் அங்கே அலை உடையாது, நிறமும் கருத்துத் தெரியும். பார்ப்பவருக்கு அதுவே பத்திரமான இடம் போலத் தோன்றும். அதில் மாட்டிக்கொண்டவர் கரையைப் பார்த்தே நீந்தினால் நல்ல நீச்சல்காரராக இருந்தாலும் களைத்துப்போவார். மிதந்தபடி மூச்சைச் சீராக்க வேண்டும், கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை தெரியும் இடத்துக்கு வந்து, அங்கிருந்து அலையோடு கரை சேரலாம். இந்த நீரோட்டம் ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் இழுத்துப் போகும். இது தெரிந்திருந்தால் பதற்றத்தில் பாதி அங்கேயே குறையும்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இதை ஒருவர் எனக்குச் சொன்னார். பள்ளியிலும் மன்றத்திலும் கோயில் வகுப்பிலும் நான் கேட்டதே இல்லை. நம் பிள்ளைகள் இதைப் பதினெட்டு வயதிலாவது கேட்டுவிட வேண்டும்.

பிறகுதான் பலகை. புதியவர்களுக்குத் தருவது எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள, மேலே மெத்தென்று இருக்கும் பலகை. அகலமானது, நன்றாக மிதக்கும், தலையில் பட்டாலும் காயம் குறைவு. அதன் கயிற்றைப் பின்னங்காலில் கட்ட வேண்டும், ஒருபோதும் கையில் சுற்றக்கூடாது. கடலுக்குள் நடக்கும்போது பலகை உங்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்களுக்கும் அலைக்கும் நடுவே அதைக் குறுக்காகப் பிடித்தால், வருகிற அலை அதை உங்கள் மேலேயே அறையும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் உடம்பைப் பரப்பி விழ வேண்டும், ஏனென்றால் அடியில் ஆழம் இடுப்பளவுதான். மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வர வேண்டும். இத்தனையும் மணலிலேயே திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்.

மணலில் குப்புறப் படுத்து, நெஞ்சுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து, காலைப் பக்கவாட்டில் வைத்து, முழங்காலை மடக்கி நிற்பதுதான் பாடத்தின் அடுத்த பகுதி. கீழே காலைப் பார்க்கக்கூடாது, போகிற திசையைப் பார்க்க வேண்டும். பலகையில் அதிகம் முன்னால் படுத்தால் அதன் முன்முனை தண்ணீரில் குத்தும். அதிகம் பின்னால் படுத்தால் அலை நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். முதல் நாளில் யாரும் உடையாத பெரிய அலைக்குப் போவதில்லை. ஏற்கெனவே உடைந்து நுரையாக வரும் அலையில், கால் தரையில் எட்டும் ஆழத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

அந்த நுரை பலகைக்கு அடியில் வந்து முட்டித் தூக்கும்போது உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பரவுகிறது. எழுந்து நிற்பதற்கு முன்னாலேயே, குப்புறப் படுத்தபடி கரை வரை வழுக்கி வந்ததற்கே அக்கா மகள் வாய்விட்டுக் கத்தினாள். அப்புறம் அவள் ஒரு தடவை எழுந்து நின்றாள். கொஞ்ச தூரம்தான், ஆனால் நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இது ஒரு முறையாவது கிடைக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

பெண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முன்பு ஒரு மன்றத்தின் கடற்கரைச் சுற்றுலாவுக்குப் போயிருக்கிறேன். ஆண்கள் தண்ணீரில் இருந்தார்கள். பெண்கள் கரையில் பிரியாணிப் பொட்டலத்தையும் எல்லாருடைய கைபேசியையும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் எங்களை இறங்காதே என்று சொல்லவில்லை. இறங்குவதற்கான ஏற்பாடும் யாரும் செய்யவில்லை. ஆகவே ஏற்பாட்டோடு அழையுங்கள். பெண் பயிற்சியாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். உடை பற்றிக் கவலை வேண்டாம் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். கிழக்குக் கரையில் மலாய்ப் பெண்கள் முழுக்கை நீச்சலுடையோடும் தலைத்துணியோடும் அலையேறுகிறார்கள். நீளக் கை, நீளக் கால் உடை வெயிலுக்கும் பலகை உரசலுக்கும் நல்லதும்கூட. மூக்குத்தி, வளையல், சங்கிலி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலிக்கொடியைக் கழற்றத் தயங்கும் அக்காக்களிடம் அந்த இரண்டு நாளுக்கு மட்டும் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வரச் சொல்லலாம். "கறுத்துப்போவாய், அப்புறம் யார் கட்டுவான்" என்று பெண்ணைத் தடுக்கும் வீட்டுக்கு மன்றத்தின் சார்பில் ஒருவர் நேரில் போய்ப் பேசுங்கள். ஒரு பெண்ணின் உயிர்காக்கும் அறிவை அவள் நிறத்துக்காக மறுக்கக்கூடாது.

இனி எங்கே, எப்போது என்பது. மேற்குக் கரை இதற்கு உதவாது. மலாக்கா நீரிணை குறுகலானது. இந்தியப் பெருங்கடலின் அலையைச் சுமத்ரா தீவு மறித்து நிற்கிறது. போர்ட்டிக்சனிலும் பினாங்கின் பத்து ஃபெரிங்கியிலும் பலகையேறும் அளவுக்கு ஒழுங்கான அலை வராததற்கு அதுதான் காரணம். தென் சீனக் கடலுக்கு அந்தத் தடை இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று அந்த அகன்ற கடல் முழுக்க வீசி, நவம்பரிலிருந்து மார்ச் வரை பகாங், திரெங்கானு கரைகளுக்கு அலையை அனுப்புகிறது. நமக்கு வசதியான இடம் செராத்திங். காராக் நெடுஞ்சாலையிலும் அதைத் தொடரும் கிழக்குக் கரை நெடுஞ்சாலையிலும் பெந்தோங், தெமர்லோ தாண்டிக் குவாந்தான் போய், அங்கிருந்து வடக்கே இன்னும் சுமார் 45 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு ஞாயிறு மாலை செந்தூல் திரும்பிவிடலாம். தியோமான் தீவின் ஜுவாராவிலும் நல்ல அலை உண்டு. ஆனால் படகுப் பயணம் சேரும், பருவமழையில் அது நிச்சயமில்லை.

டிசம்பர், ஜனவரியில் போக வேண்டாம். அப்போதுதான் மழையும் வெள்ளமும் உச்சத்தில் இருக்கும், அலையும் புதியவர்களுக்குப் பெரிது. தைப்பூசம் முடிந்து, பருவக்காற்று ஓயத் தொடங்கும் பிப்ரவரிக் கடைசியோ மார்ச்சோ ஏற்றது. அந்த நேரத்தில் நோன்பு மாதம் வருகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். அங்கே பயிற்சி தருபவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், அவர்களுடைய நோன்பை மதித்துத் தேதி வைப்பது நமக்கும் அழகு.

நீச்சலுக்கு நாம் தொலைவு போகவே வேண்டாம். 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய நீச்சல் மையம் புக்கிட் ஜாலிலில் இருக்கிறது. நகரில் வேறு பொதுக் குளங்களும் உண்டு. நிற்காமல் ஐம்பது மீட்டர் நீந்தவும், பதறாமல் சில நிமிடம் மல்லாந்து மிதக்கவும் தெரிந்த பிறகே பயணப் பட்டியலில் பெயரைச் சேருங்கள். பலகை மிதக்கிறதே என்ற தைரியம் வேண்டாம், கயிறு அறுந்தால் பலகை போய்விடும்.

பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், அவருக்கு உயிர்காப்புப் பயிற்சியும் முதலுதவியும் தெரியுமா, காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள் முன்பே சொல்ல வேண்டும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை விடுத்திருந்தாலோ, கரையில் சிவப்புக் கொடி பறந்தாலோ யாரும் இறங்கக்கூடாது. கட்டிய முன்பணம் போனால் போகட்டும். பீர் பெட்டி பேருந்தில் ஏறவே கூடாது. இதில் மட்டும் யாருக்கும் சலுகை காட்டாதீர்கள்.

செலவு வரும், தெரியும். தனித்தனியாகப் போனால் வண்டி, டோல், தங்குமிடம், பலகை வாடகை என்று ஒரு சம்பளக்காரப் பிள்ளைக்குக் கட்டுப்படியாகாது. மன்றம் சேர்ந்து போனால் வேனும் அறையும் பங்காகும். ஃபுட்சால் கோப்பைக்கும் பேனருக்கும் ஆதரவாளரைத் தேடுகிற நீங்கள் இதற்கும் தேட முடியும்.

என் பங்குக்கு, செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பங்சார் வட்டாரத்தில் நீச்சல் வகுப்பில் சேர விரும்பும் பெண்களின் பெயர்களை நான் தொகுத்துத் தருகிறேன், சனிக்கிழமைக் காலைகளில் குளத்துக்குக் கூட வருகிறேன். மார்ச்சில் போக வேண்டுமென்றால் நீச்சல் வகுப்பு அக்டோபரிலேயே தொடங்க வேண்டும். ஆகவே செப்டம்பர் செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்ததும் உங்கள் செயலாளர் எனக்கு ஒரு வரி எழுதினால் மறுநாளே வேலையைத் தொடங்கிவிடுவேன்.

அன்புடன்,
மன்ற உறுப்பினர் ஒருத்தி,
செந்தூல், கோலாலம்பூர்