பட்டறைக்கும் இடம் விடு, கதிர்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் வந்தது. கடல்சார் அருங்காட்சியகக் குழுவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கு நோட்டு முழுக்கக் கப்பல் படம் வரைந்து வைத்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்குமா! இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பேத்தி நீச்சல் கற்றுக்கொண்டுவிட்டாள், இப்போது எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "சனங்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்களே, அப்புறம் யார் வருவார்கள்" என்று கவலைப்பட்டிருந்தாய். நியாயமான கவலைதான். கடலை நம்பிப் பிழைக்கிறவர்களை வெறும் பார்வையாளர்களாக வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும். அவர்கள் கைக்கு அங்கே வேலை இருக்கவேண்டும், அவர்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்கவேண்டும். நான் படித்தவரையில், உயிரோடு இருக்கிற கடல் அருங்காட்சியகங்கள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றையாவது செய்திருக்கின்றன.

டென்மார்க்கின் ரோஸ்கில்டே வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தைப் பார். வைக்கிங் என்றால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வட ஐரோப்பியக் கடலோடிகள். 11-ஆம் நூற்றாண்டில் எதிரிக் கப்பல்கள் உள்ளே வராமல் தடுக்க, பழைய கப்பல்களில் கல்லை நிரப்பி நீர்வழியில் மூழ்கடித்திருந்தார்கள். 1962-இல் அந்த இடத்தைச் சுற்றித் தடுப்பு அடித்து, தண்ணீரை இறைத்து, ஐந்து கப்பல்களின் மரத்துண்டுகளை வெளியே எடுத்தார்கள். 1969-இல் அருங்காட்சியகம் திறந்தது. அதோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு காட்சிக்கூடம், அவ்வளவுதான். ஆனால் பக்கத்திலேயே ஒரு படகுப் பட்டறையும் வந்தது.

அந்தக் காலக் கப்பல்களைத் திரும்பக் கட்டும்போது அங்கே உள்ள ஓடாவிகள், அதாவது படகு கட்டும் தச்சர்கள், பலகைக்கு ரம்பம் எடுப்பதில்லை. ஓக் மரத்தை ஆப்பு அடித்து நெடுக்காகப் பிளந்து, கோடாலியால் செதுக்கிப் பலகை ஆக்குகிறார்கள். நார் ஓடும் போக்கிலேயே பிளப்பதால் பலகை மெல்லியதாக இருந்தும் உறுதியாக நிற்கும், அலைக்கு வளைந்து கொடுக்கும். ஒரு பலகையின் விளிம்பை இன்னொன்றின் மேல் ஏற்றி இரும்பு ஆணியால் இறுக்குவார்கள். பழைய பலகைகளில் பதிந்திருந்த கருவித் தடங்களைப் பார்த்துப் பார்த்து, தாங்களும் வெட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை இது. போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.

ஐந்தில் ஒன்று சுமார் 30 மீட்டர் நீளப் போர்க்கப்பல். மரத்தில் ஆண்டுக்கு ஒன்றாக விழும் வளையங்களை ஆராய்ந்தபோது, அது 1042 வாக்கில் அயர்லாந்தின் டப்ளின் பக்கம் கட்டப்பட்டது என்று தெரிந்தது. அதே அளவில் புதிதாக ஒன்றை 2004-இல் முடித்து, 2007-இல் டப்ளினுக்கே ஓட்டிப் போனார்கள், அடுத்த ஆண்டு திரும்பினார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் திறந்த கப்பலில் மழையிலும் காற்றிலும் நனைந்துகொண்டு போயிருக்கிறார்கள். பெரும்பாலும் தன்னார்வலர்கள். அவர்களைப் போய் "உங்களுக்கும் இந்த அருங்காட்சியகத்துக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்க முடியுமா?

அமெரிக்காவின் மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகத்தில் சார்லஸ் டபிள்யூ. மார்கன் என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் இருக்கிறது. 1841-இல் கட்டியது. 37 தடவை வேட்டைக்குப் போன கப்பல். அதைப் பழுதுபார்த்து 2014-இல் 38-ஆவது பயணம் அனுப்பினார்கள். இந்த முறை திமிங்கிலங்கள் உலவும் கடலுக்கு, அவற்றைப் பார்ப்பதற்கு மட்டும். கொடுமையான தொழில் அது, அருங்காட்சியகம் அதை மறைக்கவேண்டிய அவசியமே இல்லை என்பதற்கு இந்தப் பயணமே சாட்சி.

அந்தக் காலத்துத் திமிங்கிலக் கப்பல்களின் நாட்குறிப்புகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கொன்ற திமிங்கிலத்துக்கு ஏட்டின் ஓரத்தில் முழு உருவ முத்திரை குத்துவார்கள். அதன் வயிற்றில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, எத்தனை பீப்பாய் எண்ணெய் கிடைத்தது என்று எழுதுவார்கள். தப்பிப் போனதற்கு வால் மட்டும். கூடவே அன்றன்றைய காற்று, வானிலை, இருக்கும் இடம். இன்று தட்பவெப்பத்தை ஆராய்கிறவர்கள் அதே ஏடுகளைத் தேடி எடுத்துப் படிக்கிறார்கள். ஆகவே யாராவது தாத்தா காலத்துப் படகுக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தால், கறை படிந்தது என்று திருப்பி அனுப்பிவிடாதே.

என் மனசுக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது ஆஸ்திரேலியக் கதை. 1996-இல் வடகோடியில், அங்குள்ள பூர்வகுடிகளான யோல்ங்கு மக்கள் புனிதமாகக் காக்கும் இடத்தில் யாரோ அனுமதியில்லாமல் மீன்பிடி முகாம் போட்டிருந்தார்கள். அங்கே வெட்டிய முதலைத் தலை ஒன்று கிடந்தது. முதலை யோல்ங்கு மக்களுக்கு மூதாதை. அவர்கள் தூரிகையைக் கையில் எடுத்தார்கள். 47 பேர் சேர்ந்து, நெருப்பில் வாட்டித் தட்டையாக்கிய மரப்பட்டைகளில் 80 ஓவியங்கள் வரைந்தார்கள். எந்த நீர் யாருடையது, எந்தக் குலத்தின் கதை எந்தக் கரையில் ஓடுகிறது என்பதெல்லாம் அந்தக் கோடுகளில் இருக்கிறது. சிட்னியில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் அவற்றை வாங்கிப் பாதுகாக்கிறது. நீதிமன்றம் போன அந்தப் போராட்டம் 2008-இல் வென்றது. தங்கள் நிலத்தின் மேல் ஏறி இறங்கும் ஓத நீருக்குள் யார் வரலாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுடையது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. கடல் என்றால் கப்பலும் நங்கூரமும்தான் என்று நினைக்கிற குழுக்காரர்களுக்கு இதை அவசியம் சொல்.

அதனால் உன் குழுவில் முதல் கூட்டத்திலேயே இதைப் பேசு. வயதாகிக் கடலுக்குப் போவதை நிறுத்தியவர்களைக் கூப்பிடு. வலை பின்னவும் கயிறு முடியவும் இளைஞர்களுக்கு அவர்கள் சொல்லித் தரட்டும். பாறைகளுக்கும் காற்றுகளுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்களை அவர்கள் குரலிலேயே பதிவு செய். இதற்கெல்லாம் கட்டாயம் சம்பளம் கொடுக்கச் சொல். பொன்னாடை போர்த்தி அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. திறப்பு விழாவுக்கு முன்பே எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது என்று முடிவு செய்யும் இடத்திலும் அவர்கள் உட்காரவேண்டும்.

கட்டட வரைபடம் தயாராகிவிட்டது என்று எழுதியிருந்தாயே. தண்ணீர்ப் பக்கம் பட்டறைக்கு இடம் விட்டிருக்கிறார்களா, அல்லது அங்கேயும் வண்டி நிறுத்தத்தைப் போட்டுவிட்டார்களா? பார்த்து உடனே எழுது. இடம் விடவில்லை என்றால், குழுவுக்கு நீ அனுப்பவேண்டிய கடிதத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்தே எழுதுவோம்.

அன்புடன்,
சேகர்