ஆண்டறிக்கை: இவ்வாண்டின் எண் 18446744073709551615

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இங்கே எண்ணின் கணக்கு மட்டும்.

ஆண்டுக்கு ஓர் எண்ணை எடுத்து ஆராயும் வழக்கப்படி இம்முறை எடுத்தது 2⁶⁴ − 1. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில் ஒன்றில் தொடங்கிக் கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்து வைக்கும் தானிய மணிகளின் மொத்தம் இதுவே. நம் வழக்கில் 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615.

இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்ற பள்ளிச் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் இது 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று உடைகிறது. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதையும் பகா எண்ணாகவே எடுத்துக்கொண்டவர்களுக்கு வகுத்திகள், அதாவது மீதியின்றி வகுக்கும் எண்கள், மொத்தம் 2⁶ = 64 என்று விடை வந்தது. தவறுதான், ஆனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணித மேதை ஃபெர்மாவே அதைப் பகா எண் என்று நம்பினார்; இந்த ஆறும் ஃபெர்மா எண்கள் என்றே அழைக்கப்படுகின்றன. 1732-இல் ஆய்லர் 641 × 6700417 என்று பிரித்தார். ஆகப் பகாக் காரணிகள் ஏழு, வகுத்திகள் 2⁷ = 128.

641 வகுக்கும் என்பதை நீள்வகுத்தல் இல்லாமலே காட்டலாம். 641 = 5⁴ + 2⁴. இதை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³². மறுபுறம் 5 × 2⁷ = 640, 641-க்கு ஒன்று குறைவு; எனவே 640⁴ − 1, அதாவது 5⁴ × 2²⁸ − 1, 641-ஆல் வகுபடும். முதலாவதில் இதைக் கழித்தால் மிஞ்சுவது 2³² + 1, அதுவே 4294967297. இந்த ஆண்டில் பார்த்தவற்றில் இதைவிட அழகான நான்கு வரி இல்லை.

6700417 பகா எண்ணா? வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். அதுவரையுள்ள எல்லாப் பகா எண்களையும் போட்டுப் பார்ப்பது வீண் உழைப்பு. 4294967297-இன் பகாக் காரணி எதையும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பது கணிதவியலாளர் லூக்காஸ் தந்த சலுகை. அந்த வடிகட்டியில் நிற்பவை 257, 641, 769, 1153, 1409. ஃபெர்மா எண்களுக்குள் பொதுக்காரணி கிடையாது என்பதால் 257 விலகும். மற்ற நான்கும் முறையே 44, 120, 334, 622 மீதி தருகின்றன. பகா எண்தான்.

கருவிகள் பற்றி ஓர் எச்சரிக்கை. எக்செல்லில் இந்த எண்ணைத் தட்டினால் முதல் 15 இலக்கமே தங்கும், பின்னுள்ளவை சுழியாகும். சூத்திரமாகக் கொடுத்தாலும் 1 கழியாது. எக்செல் எண்களை வைத்திருக்கும் 53 பிட் (இரும இலக்க) துல்லியத்தில், இந்த அளவில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 2048 இடைவெளி. விடை 2⁶⁴ என்றே நிற்கும். பிறகு ஏழு காரணிகளில் எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும், குழப்பம்தான். கடைசி இலக்கம் 5, இலக்கக் கூடுதல் 87 என்று முதலில் சரிபார்த்துக்கொள்க.

அடுத்த ஆண்டுக்கு 2⁶⁷ − 1, அதாவது 147573952589676412927. 67 ஒற்றைப்படை எண் என்பதால் வர்க்க வித்தியாசம் உதவாது. ஆனால் அது பகா எண்; எனவே காரணி எதுவாயினும் 134-ஆல் வகுத்தால் மீதி 1, எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இந்த இரண்டையும் கடக்கும் பகா எண்களில் ஆயிரத்துக்குட்பட்டவற்றை முதல் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வரவும்.

செயலாளர்