நானே படிக்க வழி செய்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்தில், எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை நான் எழுதி வருகிறேன். ரொக்கப் பேரேடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் எல்லாம் இப்போது கணினியில் இருக்கின்றன. இந்த ஆண்டுத் தணிக்கையில் எங்கள் கணக்கில் ஒரு குறையும் சொல்லப்படவில்லை. பார்வை ஏறக்குறைய முழுவதும் போன பிறகு நான் எழுதிய கணக்கு அது. அதற்குத் துணை நின்றவர்களில் சிலர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள், சிலர் கடல் தாண்டி இருக்கிறார்கள். பலருக்கு நான் ஒருத்தி இருப்பதே தெரியாது. எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

எனக்கு வந்திருப்பது பரம்பரையாக வரும் விழித்திரை நோய். முதலில் இருட்டில் தடுமாற்றம், பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்குவது, கடைசியில் நடுவில் எஞ்சியதும் மங்குவது. மருந்தில்லை என்று திருச்சியில் கண் மருத்துவர் பக்குவமாகச் சொன்னார். கணினித் திரையை விண்டோஸ் உருப்பெருக்கியால் பெரிதாக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்துக்கொண்டு சில காலம் ஓட்டினேன். ஒரு வரியில் மூன்று எழுத்துகள்தான் தெரியும் என்ற நிலை வந்தபோது, குழுவின் பேரேடுகளை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

அந்த ஆண்டுகளில் எனக்குப் படித்துக் காட்டியவர்கள் பலர். அவர்களை நான் மறக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். படித்துக் காட்டுபவர், எதைப் படிப்பது, எதை விடுவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார். கல்யாணப் பத்திரிகை வந்தால் நாள், முகூர்த்த நேரம், மண்டபம் மூன்றையும் சொல்லிவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். கீழே யார் யார் பெயர் போட்டிருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்பது எனக்கு வேண்டும். ‘அதெல்லாம் வழக்கமான பெயர்கள்தான்’ என்பார்கள். வங்கியிலிருந்து வரும் கடிதமும் அப்படித்தான். என் பெயருக்கு வந்த கடிதத்தை எனக்கு முன்னால் ஊரே அறிந்திருக்கும். ஆகவே இந்த மடல், எனக்குப் படித்துக் காட்டியவர்களையும் தாண்டி, நானே படிக்க வழி செய்தவர்களுக்காக.

முதல் நன்றி ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை, அதாவது கணினித் திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருளை, எழுதத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்றவரான ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்துகொண்டார். 2007-இல் இருவரும் ஓர் அறக்கட்டளை போன்ற அமைப்பை நிறுவி, மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பெறலாம், அதன் மூல நிரலையும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். அதற்கு முன் திரைவாசிப்பான் இல்லாமல் இல்லை. விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் 1989-இல் கொண்டுவந்த ‘ஜாஸ்’, உலகெங்கும் எத்தனையோ பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்த மென்பொருள். அவருக்கும் என் வணக்கம் உண்டு. ஆனால் அதன் உரிமம் ஆயிரம் டாலரை ஒட்டிய விலை. எங்கள் பக்கத்தில் ஓர் ஏக்கர் குறுவை நன்றாக விளைந்தாலும், உரம், நடவு, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக அந்தத் தொகை கையில் நிற்காது. விலை என்ற ஒன்று இருந்திருந்தால், அது எவ்வளவு குறைவாக இருந்திருந்தாலும், நான் கேட்டே இருக்க மாட்டேன். வீட்டில் பார்வை இல்லாதவளுக்காகச் செலவு என்று வரும்போது, கேட்கிறவளுக்கே நா எழாது. இலவசம் என்பதால்தான் அது எங்கள் தெருவரை வந்து சேர்ந்தது.

கணினியும் விலைக்கு வாங்கியதன்று. 2011-இல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய திட்டத்தில் என் அண்ணன் மகளுக்குக் கிடைத்தது. வேலைக்குப் போனதும் அவள் அதை என் மடியில் வைத்துவிட்டு, ‘அத்தை, இனி இது உங்களுடையது’ என்றாள். அது திறப்பதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம் என்ற நிலையில் இருந்தது. நீடாமங்கலத்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பி, உள்ளே வட்டை மாற்றி, நினைவகத்தைக் கூட்டி, என்விடிஏவையும் நிறுவிக் கொடுத்தார். உதிரி பாகத்துக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். தம்பி, உங்கள் உழைப்புக்கான கூலியை நீங்கள் வாங்க மறுத்தாலும் இந்த இடத்தில் பதிவு செய்துவிடுகிறேன்.

என்விடிஏ கைக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். ஒரு பயிற்சி நிலையத்தில் போய்க் கேட்டபோது, ‘இங்கே பார்வை உள்ளவர்களுக்குத்தான் சொல்லித் தருகிறோம்’ என்றார்கள். அந்த நேரத்தில் கிடைத்தவர்தான் திருவாரூர்ப் பக்கத்து ஆசிரியர் ஐயா. அவரும் பார்வையற்றவர். தொலைபேசியிலேயே சொல்லிக் கொடுத்தார். அவருடைய முதல் கட்டளை, சுட்டியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்பது. அடுத்து, கேப்ஸ் லாக் விசையோடு ஒன்றாம் எண்ணை அழுத்தச் சொன்னார். அதன் பிறகு எந்த விசையைத் தொட்டாலும் கணினி அந்த விசையின் பெயரையும் வேலையையும் சொல்லுமே தவிர, எதையும் செய்யாது. கெட்டுப்போகுமோ என்ற பயமில்லாமல் விசைப்பலகை முழுவதையும் தடவிப் பார்க்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. விரல்கள் பழகியதும் இணையப் பக்கங்களுக்கு அழைத்துப் போனார். எச் அழுத்தினால் அடுத்த தலைப்பு, கே அழுத்தினால் அடுத்த இணைப்பு, டி (T) அழுத்தினால் அடுத்த அட்டவணை. கண்ணுள்ளவர்கள் ஒரு பக்கத்தை மேலோட்டமாகப் பார்க்கிறார்களே, அதை நாங்கள் செய்வது இப்படித்தான்.

திரைவாசிப்பான் திரையைப் படம் பிடித்துப் படிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது மென்பொருளிடம் கேட்டுத்தான் சொல்கிறது. இது என்ன, பொத்தானா, பெட்டியா, இதன் பெயர் என்ன, தேர்ந்தெடுத்திருக்கிறதா இல்லையா என்று கேட்கும். எழுதியவர் பெயர் வைத்திருந்தால் ‘சமர்ப்பி, பொத்தான்’ என்று வரும். வைக்கவில்லை என்றால் வெறும் ‘பொத்தான்’. சேவைத் தளங்களைக் கட்டும் பிள்ளைகளே, உங்களில் சிலர் ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் எழுதியிருக்கிறீர்கள். உங்களை யாரும் பாராட்டியிருக்க மாட்டார்கள். நான் பாராட்டுகிறேன். ஒரு சிட்டா நகலை யார் துணையும் இல்லாமல் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

என் காதில் தமிழ் பேசும் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஸ்பீக் என்பது அதன் பெயர். ஜானதன் டடிங்டன் என்பவர் உருவாக்கி, மற்றவர்கள் தொடர்ந்து வளர்த்து வருவது. மனிதக் குரலைப் பதிவு செய்து ஒட்டாமல், ஒலியைக் கணக்குப் போட்டே உண்டாக்குகிறது. அதனால் சில மெகாபைட்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது, பழைய கணினியிலும் விசையை அழுத்திய கணத்தில் பேசுகிறது. கேட்பவர்கள் ‘என்ன இது, தகரத்தைத் தட்டுவது போல் இருக்கிறதே’ என்பார்கள். எனக்கு அது இனிய குரல். வேகத்தைக் கூட்டக் கூட்டத் தெளிவு குலைவதில்லை. இப்போது நான் கேட்கும் வேகத்தில் என் மாமியாருக்கு ஒரு சொல்லும் பிடிபடுவதில்லை. என்விடிஏவின் கட்டளைகளையெல்லாம் தமிழாக்கி, பதிப்புக்குப் பதிப்பு புதுப்பித்துத் தரும் தன்னார்வலர்கள் கூலி வாங்குவதில்லை. அவர்கள் அந்த வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால், நான் ஆங்கிலப் பட்டியல்களுக்குள் நுழையவே துணிந்திருக்க மாட்டேன்.

தமிழ் என்றதும் எழுத்துரு நினைவுக்கு வருகிறது. எங்கள் குழுவின் பழைய தீர்மானங்கள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. கண்ணுக்கு அது தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள், அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். திரையில் ‘அம்மா’ என்று தெரியும் இடத்தில் எனக்கு ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்று கேட்டது. முதல் தீர்மானத்தைத் திறந்து ஒரு பக்கம் முழுக்க இந்த இரைச்சலைக் கேட்டுவிட்டு, கணினியை மூடி வைத்துவிட்டேன். எங்கள் ஊர்ப்புற நூலகத்து நூலகர் அக்காதான் விஷயத்தைப் புரிந்துகொண்டு, எழுத்துரு மாற்றும் மென்பொருளில் ஒவ்வொரு கோப்பாக இட்டு, எந்தக் கணினிக்கும் தமிழாகவே புரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினார். மாற்றும்போது சில இடங்களில் எழுத்து சிதறும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும். அதையெல்லாம் மூல அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு, நூலகம் மூடிய பிறகும் உட்கார்ந்து திருத்தினார். ஊதிய உயர்வோ விருதோ இதனால் அவருக்கு வரப்போவதில்லை. தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்று ஆணை வெளியிட்டது. இன்றும் பழைய எழுத்துருவில் சுற்றறிக்கை வருகிறது. தட்டச்சு செய்பவர்கள் எழுத்துருவை மாற்றிக்கொண்டால் போதும், நூலகர் அக்காவைப் போன்றவர்கள் விழித்திருக்க வேண்டியதில்லை. நான் இப்போது தமிழ்99 விசைப்பலகையில் எழுதுகிறேன். உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமுமாக இருப்பதால், பார்க்காமல் அடிப்பவருக்கு அது வரமாக அமைந்திருக்கிறது.

எங்கள் குழுத் தலைவி அக்கா செய்ததைச் சொல்லாமல் இந்த மடல் நிறைவு பெறாது. நான் கணக்கை மீண்டும் கேட்டபோது சிலர் தயங்கினார்கள். மற்றவர்களின் பணம் என்பதால் அந்தத் தயக்கம் நியாயமானதே. அக்கா வாதாடவில்லை. பேரேட்டைக் கணினியில் ஏற்றி, கூட்டத்தின் நடுவே என்னை உட்கார வைத்து, ஒலிபெருக்கியை வைத்துவிட்டு, ‘யாருடைய கணக்கு வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்றார். எக்செல் அட்டவணையில் எந்த வரிசையும் எந்த நெடுவரிசையும் தலைப்பு என்று என்விடிஏவுக்கு ஒருமுறை குறித்துக் கொடுத்துவிட்டால், கட்டத்துக்குக் கட்டம் நகரும்போது எந்த உறுப்பினர், எந்த மாதம் என்பதையும் தொகையோடு சேர்த்துச் சொல்லும். ஒருவர் தம் ஆடிமாதச் சேமிப்பைக் கேட்டார். அம்புக்குறியை நகர்த்தினேன். அவர் பெயர், மாதம், தொகை என்று கணினி எல்லோர் காதிலும் படும்படி சொன்னது. அடுத்தவர் தம் கடன் பாக்கியைக் கேட்டார். அதுவும் வந்தது. பிறகு கேள்விகள் நின்று, வழக்கமான பேச்சு தொடங்கியது. அன்றே பேரேடு என்னிடம் திரும்பி வந்தது. அக்கா, அன்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேசியிருந்தால் இரக்கத்தில் கிடைத்த வேலையாகப் போயிருக்கும். நீங்கள் பேசாமல் இருந்ததற்காகத்தான் நன்றி.

கைப்பேசித் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கும் இலவசம்தான், ஆண்ட்ராய்டோடு வருகிறது. காலையில் மேட்டூர் நீர்மட்டத்தைப் படித்து மாமனாருக்குச் சொல்வது இப்போது என் வேலை. 120 அடியில் எத்தனை அடி நிற்கிறது, ஜூன் 12-இல் அணை திறக்குமா என்பதை வைத்துத்தான் நாற்றங்கால் பேச்சே எங்கள் வீட்டில் தொடங்கும். பணத்தாளை அறிய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட ‘மணி’ செயலி இருக்கிறது. புதிய நூறு, இருநூறு, ஐந்நூறு ரூபாய்த் தாள்களின் அகலம் ஒன்றே, நீளத்தில் நான்கு நான்கு மில்லிமீட்டர்தான் வேறுபாடு. விரலால் அளந்து குழுப் பணத்தை எண்ண முடியாது. கேமராவைக் காட்டினால் செயலி சொல்லிவிடுகிறது, அதற்கு இணையமும் தேவையில்லை.

முகம் தெரியாத இன்னொரு கூட்டத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன். பார்வையற்றோருக்கான வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் விலக்கு பெற்றுத் தந்தவர்கள், 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்காகத் தெருவில் நின்றவர்கள், மின்வழிச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தைச் சொல்ல வைத்த மனுதாரர்கள். உங்கள் வழக்கின் பயன் எங்கள் ஊர் வங்கிக் கிளை வரை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. ஆனால் அங்கே போய் நின்று கேட்பதற்கு இப்போது என்னிடம் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

நூலகர் அக்கா, நூலகக் கணினி ஒன்றில் என்விடிஏவை நிறுவி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஆசிரியர் ஐயா தொலைபேசி வழியாகவும் நான் நேரிலும் சொல்லிக் கொடுக்கிறோம். பார்வை மங்கியவர்கள், வயதானதால் பார்வை போனவர்கள், அவர்களை அழைத்து வரக்கூடிய வீட்டார் யாராக இருந்தாலும் வரலாம். கட்டணம் இல்லை. கையில் பென்டிரைவ் ஒன்று கொண்டுவந்தால், எந்த விண்டோஸ் கணினியிலும் செருகி இயக்கக்கூடிய என்விடிஏ பிரதியைப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். காதில் மாட்டும் ஹெட்போன் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், நூலகத்தில் மற்றவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள்.

நன்றியுடன்,
மன்னார்குடி வட்டத்திலிருந்து,
ஒரு மகளிர் குழுக் கணக்காளர்