கீழ்வேளூர் பந்தலில் என் காலைக் கழுவியவருக்கு

வேளாங்கண்ணித் திருவிழாவுக்குத் தஞ்சாவூரிலிருந்து நடந்து போனோம். செப்டம்பர் 8-க்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம். திருவாரூர் தாண்டியதுமே குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. கீழ்வேளூர் அருகே ஒரு மோர்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் எதுவும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து, என் காலை எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள். மூன்று நாள் தார் ரோட்டு அழுக்கு! கூச்சத்தில் காலை இழுத்தேன். விரலிடுக்கு வரை துடைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டாலேயே கட்டும் போட்டீர்கள். பெயர் கேட்டதற்கு, "முதல்ல காலை ஆட்டாதீங்கண்ணே" என்றீர்கள். நிமிர்வதற்குள் அடுத்த ஆளின் காலுக்குப் போய்விட்டீர்கள்.

எங்கள் பங்குக் கோயிலில், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேர் உட்காருவோம். நானும் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன், வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு! யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவியதும், "என் காலையா?" என்று பேதுரு பதறியதும் எத்தனையோ முறை கேட்டதுதான். அந்தப் பதற்றம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பங்குப் பேரவையில் முன்வரிசை நாற்காலிக்காக நான் போட்ட சண்டையும் கூடவே ஞாபகம் வந்தது. சரி, அதை விடுங்கள்.

உங்களுக்கு மனமார்ந்த நன்றி. பச்சைக் கரை போட்ட அந்தத் துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். அடுத்த வருடமும் அந்தப் பந்தலுக்கு வருவீர்கள்தானே?