வாடகை வீட்டுக் காஸ் சோதனை: வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குளிர் தொடங்கப் போகிறது. லண்டனில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் உங்களில் பலருக்குக் காஸ் சேர்டிபிகேட் இந்த மாதங்களில்தான் முடிகிறது. "பொயிலர் நன்றாகத்தானே வேலை செய்கிறது, பேப்பரை மட்டும் தந்துவிடுங்களேன்" என்று சிலர் கேட்கிறீர்கள். "போன முறை வந்தவர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார், உங்களுக்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்றும் கேட்கிறீர்கள். தொலைபேசியில் அவசரமாகச் சொன்னால் பாதி விட்டுப்போகிறது. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறோம். நீங்களும் ஆறுதலாக ஒருக்கா வாசித்துவிடுங்கள்.

முதலில் சட்டம். 1998ஆம் ஆண்டுக் காஸ் பாதுகாப்பு விதிகளின் 36ஆவது விதி, வாடகைக்கு விடுபவரிடம் இரண்டு கடமைகளைக் கொடுக்கிறது. நீங்கள் கொடுத்திருக்கும் காஸ் சாதனங்களையும் குழாய்களையும் புகைக்குழாய்களையும் எந்நேரமும் பாதுகாப்பான நிலையில் பராமரிக்க வேண்டும். அதோடு, 12 மாதத்துக்கு ஒரு தடவை, காஸ் வேலை செய்ய அனுமதி உள்ளவர்களின் அதிகாரபூர்வப் பட்டியலான காஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிவுள்ள எஞ்சினியரைக் கொண்டு சோதிக்க வேண்டும். முழு வீட்டை விட்டாலும் சரி, மேல்மாடி அறை ஒன்றை மட்டும் மாணவர் ஒருவருக்குக் கொடுத்தாலும் சரி, இது பொருந்தும். "எங்கள் மருமகன்தானே இருக்கிறான்" என்பதும் விலக்கு இல்லை. அவர் வாடகை தருகிறார் என்றால் நீங்கள் வீட்டுச் சொந்தக்காரர், அவர் குடியிருப்பவர். இந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தில் எழுதி, குடியிருப்பவர் தலையில் கட்டவும் முடியாது.

சோதனை முடிந்த 28 நாளுக்குள் அதன் அறிக்கையின் பிரதி ஏற்கெனவே இருப்பவர்களின் கைக்குப் போக வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு, அவர்கள் குடிபுகுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். நீங்கள் அந்த அறிக்கையை அடுத்த இரண்டு சோதனைகள் முடியும்வரையாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் விட்டால் தண்டப்பணத்துக்கு உச்ச வரம்பு இல்லை, சிறைக்கும் இடமுண்டு. ஆனால் தண்டனைக்குப் பயந்து மட்டும் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல நாங்கள் இந்த மடலை எழுதவில்லை.

நாங்கள் உண்மையில் பயப்படுவது காபன் மொனொக்சைட்டுக்கு. காஸ் கசிந்தால் மணக்கும். மணக்க வேண்டும் என்பதற்காகவே அதில் ஒரு வாசனைப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். காபன் மொனொக்சைட் அப்படியில்லை. நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. காஸ் முழுதாக எரியாதபோது அது உண்டாகிறது: காற்று போதாமல், பேர்னர் அழுக்குப் பிடித்து, அல்லது புகை வெளியே போக வழியில்லாமல். மூச்சோடு உள்ளே போனால் இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்பு அதற்கு. தலையிடி, தலைச்சுற்று, வயிற்றைப் பிரட்டல், களைப்பு என்று தொடங்குவதால் ஆட்கள் தடிமன் காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். யன்னலையும் பூட்டி, ஹீட்டிங்கையும் கூட்டிவிட்டு, அதே அறையில் படுக்கிறார்கள். நித்திரையில் இருப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியப்போவதில்லை. வெளியே போனால் சுகமாகவும் வீட்டுக்கு வந்தால் திரும்பவும் தலையிடியாகவும் இருந்தால், அல்லது வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வந்தால், சந்தேகப்பட வேண்டியது பொயிலரைத்தான். இதை உங்கள் குடியிருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

இனி, வீட்டுக்கு வந்தால் நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறோம். மீற்றரில் அமுக்கமானியைப் பொருத்திக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறோம். குழாய்க்குள் 20 மில்லிபார் அளவுக்கு காஸை ஏற்றி, வால்வைப் பூட்டி, முதலில் அது நிலைப்பட விட்டு, பிறகு இரண்டு நிமிடம் அமுக்கம் இறங்குகிறதா என்று பார்ப்பது அந்தச் சோதனை. நாங்கள் மீற்றர் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான். பிறகு ஒவ்வொரு சாதனத்துக்கும் வருகிறோம். பொயிலருக்குச் சரியான அமுக்கத்தில் காஸ் வருகிறதா, எரிந்து வெளியேறும் புகையில் காபன் மொனொக்சைட் எவ்வளவு என்று அனலைசரால் அளக்கிறோம். புகைக்குழாய் வெளிச்சுவர் வரை ஒழுங்காகப் போகிறதா, மூட்டுகளில் விலகியிருக்கிறதா என்று பார்க்கிறோம். குக்கரில் சுடர் அணைந்தால் காஸ் தானாக நிற்கிறதா, தனியாக நிற்கும் குக்கர் என்றால் கவிழாமல் இருக்கச் சங்கிலி போட்டிருக்கிறதா என்பதும் உண்டு. சுடர் நீலமாக, கூராக நிற்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் ஏதோ சரியில்லை. சுவரில் காற்றுக்காக விட்டிருக்கும் துவாரத்தைக் குளிர் தாங்காமல் பேப்பர் வைத்து அடைத்திருப்பதைக் காண்பதும் வழக்கம். அடைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அது எதற்கு என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்து நிமிடத்தில் இதெல்லாம் நடக்காது. நடந்தது என்று யாராவது பேப்பர் தந்தால் அந்தப் பேப்பரை நம்பாதீர்கள்.

எங்கள் ஆட்களின் வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று, முன் ஹோலை அறையாக்குவது. மோர்ட்கேஜ் கூடிவிட்டது, மூன்று அறை வீட்டை நாலு அறையாக விட்டால்தான் கட்டும் என்று ஹோலுக்குள் கட்டிலைப் போடுகிறீர்கள். அந்த நிலைமை எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் அந்த ஹோலில் அறையைச் சூடாக்கும் பழைய காஸ் நெருப்பு ஒன்று சிமினிக்குக் கீழே இருக்கும். ஹோலாக இருந்தபோது விதி அதை விட்டுவைத்திருக்கும். ஒருவர் அங்கே நித்திரை கொள்ளத் தொடங்கியதும் விதி மாறிவிடுகிறது. நித்திரை கொள்ளும் அறையில் 14 கிலோவாட்டுக்கு மேற்பட்ட காஸ் சாதனம் இருந்தால், அது அறையின் காற்றை எடுக்காமல் வெளியிலிருந்தே காற்றை எடுத்து வெளியிலேயே புகையை விடும் மூடிய வகையாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது என்றால், ஒன்றில் மூடிய வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்தான அளவு புகை சேர முன்பே தானாக நின்றுவிடும் பாதுகாப்பு அமைப்பு அதில் இருக்க வேண்டும். பழைய நெருப்புகள் பலவற்றில் அது இல்லை. "அதை யாரும் போடுவதில்லை, சும்மா இருக்கிறது" என்பது பதில் ஆகாது. ஜனவரி மாத இரவில் ஹீட்டிங் வேலை செய்யாவிட்டால் முதலில் போடுவது அதைத்தான். தயவுசெய்து அறையை மாற்ற முதல் எங்களிடம் கேளுங்கள். தேவையில்லாத நெருப்பைக் கழற்றி, குழாயை முறையாக மூடிவிடுவது பெரிய வேலை இல்லை.

மற்றது எக்ஸ்டென்ஷன். பின்பக்கம் குசினியை நீட்டும்போது, அல்லது பக்கத்தில் பிளாஸ்டிக் கூரை போட்டு மூடும்போது, பழைய வெளிச்சுவர் உட்சுவராகிவிடுகிறது. அந்தச் சுவரில்தான் பொயிலரின் புகைக்குழாய் முடிந்திருக்கும். வெளியே போக வேண்டிய புகை இப்போது சலவை மெஷின் வைத்திருக்கும் இடத்துக்குள் வருகிறது. கட்டுபவர் கூரையைப் பார்ப்பார், குழாயைப் பார்க்க மாட்டார். திட்டம் போடும்போதே ஒரு வார்த்தை சொன்னால் பொயிலரை எங்கே நகர்த்துவது என்று முதலே முடிவெடுக்கலாம். கட்டி முடித்து ரைல்ஸ் ஒட்டிய பிறகு சொன்னால் செலவு உங்களுக்குத்தான்.

ஃபிளாட் வைத்திருப்பவர்களுக்கு: சில கட்டடங்களில் பொயிலர் நடுவில் இருக்க, புகைக்குழாய் கூரைத் தட்டுக்குள் மறைந்து வெளியே போகும். 2013 ஜனவரியிலிருந்து அப்படிப்பட்ட குழாயைப் பார்க்க வழி இல்லையென்றால் அதை ஆபத்துக்கு இடமுள்ளது என்றே நாங்கள் எழுத வேண்டும். சீலிங்கில் சின்னக் கதவு வெட்டச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது, ஏன் சில நேரம் பொயிலரை நிறுத்துகிறோம் என்பது. குறைகளை இரண்டு விதமாகப் பிரிக்கிறோம். ஒன்று உடனடி ஆபத்து. அப்படிப்பட்ட சாதனத்தை உங்கள் சம்மதத்தோடு துண்டித்து, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுகிறோம். சம்மதம் கிடைக்காவிட்டால் காஸ் அவசர சேவைக்கு அறிவிப்போம், அவர்களுக்குத் துண்டிக்கும் அதிகாரம் இருக்கிறது. மற்றது ஆபத்துக்கு இடமுள்ளது. இதையும் பொதுவாக நிறுத்திவிட்டுத் திருத்தும்வரை பாவிக்க வேண்டாம் என்று சொல்கிறோம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் குளிர்நாளில் பொயிலரை நிறுத்துவது எங்களுக்கும் மனவருத்தமான வேலை. ஆனாலும் செய்வோம். குறை கண்டாலும் அறிக்கை எழுதித் தருவோம், அதில் குறையும் இருக்கும். ஆகவே பேப்பர் கையில் கிடைத்ததும் ஃபைலில் போடாமல், குறைகள் என்ற பகுதியை வாசியுங்கள். அங்கே எழுதியிருப்பதைத் திருத்தாமல் விட்டால் சட்டத்தின் முன் அந்தப் பேப்பர் உங்களுக்கே எதிராக நிற்கும்.

சோதனையும் சேர்விஸும் ஒன்று என்று பலர் நினைக்கிறீர்கள். அப்படியில்லை. சோதனை என்பது அன்றைக்குப் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது. சேர்விஸ் என்றால் பொயிலரைத் திறந்து, துப்புரவாக்கி, தேய்ந்ததை மாற்றி, கம்பனி சொன்னபடி பராமரிப்பது. நாங்கள் மேலே சொன்ன இரண்டு கடமைகளில் பராமரிப்பு தனியாக இருப்பதைக் கவனியுங்கள். பொயிலரின் உத்தரவாதமும் பெரும்பாலும் வருடாந்த சேர்விஸில்தான் தங்கியிருக்கிறது. இரண்டையும் ஒரே வருகையில் செய்துகொண்டால் குடியிருப்பவர் ஒருநாள்தான் வேலைக்கு லீவு போட வேண்டிவரும்.

நாங்கள் ஏன் இரண்டு மாதத்துக்கு முதலே அழைக்கிறோம் என்ற கேள்விக்கு வருவோம். முன்கூட்டிச் செய்தால் நாட்கள் வீணாகும் என்று பயப்படுகிறீர்கள். 2018 ஏப்ரல் 6 முதல் அந்தப் பயம் தேவையில்லை. காருக்கு எம்ஓடி என்ற வருடாந்தச் சோதனை செய்வதுபோல, கடைசி இரண்டு மாதத்துக்குள் செய்தால் பழைய திகதியே தொடரும். உங்கள் சேர்டிபிகேட் நவம்பர் 15 முடிகிறது என்றால், செப்டெம்பர் 15க்குப் பிறகு எப்போது சோதித்தாலும் அடுத்தது அடுத்த வருட நவம்பர் 15தான். அதைக் காட்டுவதற்குப் பழைய அறிக்கைகளையும் சேர்த்து வைத்திருங்கள். இரண்டு மாதத்துக்கும் முன்பே செய்தால் மட்டும் செய்த நாளிலிருந்து புதிதாகக் கணக்கிடப்படும்.

இந்த இரண்டு மாதம் கதவு திறக்காத வீடுகளுக்கும் உதவும். குடியிருப்பவர் விடாவிட்டால் உடைத்துக்கொண்டு போக உங்களுக்கு உரிமை இல்லை. நியாயமான முயற்சி எல்லாம் செய்தீர்கள் என்று காட்ட வேண்டும். ஒரு முறை மெசேஜ் போட்டுவிட்டு இருந்தால் போதாது. திகதியோடு எழுதிக் கேளுங்கள், வேறு நேரம் தாருங்கள், இது அவர்களுடைய பாதுகாப்புக்கு என்று விளக்குங்கள், எல்லாவற்றுக்கும் பிரதி வைத்திருங்கள். நாங்கள் போய்த் திரும்பி வந்தால் அதையும் எழுதித் தருகிறோம். பெரும்பாலும் அவர்கள் மறுப்பது பயத்தில்தான்: ஆட்களை எண்ண வருகிறார்கள், வாடகையைக் கூட்டப் போகிறார்கள் என்று. தமிழில் இரண்டு வார்த்தை கதைத்தால் திறக்கும் கதவுகள் நிறைய.

அலாம் பற்றிச் சுருக்கமாக. 2022 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில், காஸ் குக்கர் தவிர்ந்த நிலையான எரிசாதனம் இருக்கும், குடியிருக்கப் பாவிக்கும் ஒவ்வொரு அறையிலும் காபன் மொனொக்சைட் அலாம் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் ஸ்மோக் அலாம் வேண்டும். புதிய ஆட்கள் வரும் நாளில் இரண்டும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், பழுது என்று சொன்னால் மாற்றிக்கொடுக்க வேண்டும். கவுன்சில் அறிவித்தும் செய்யாவிட்டால் 5,000 பவுண்ட்ஸ் வரை தண்டம். அலாமின் பின்புறத்தில் முடிவுத் திகதி இருக்கும், பாருங்கள். குக்கருக்குச் சட்டம் கேட்காவிட்டாலும் குசினியில் ஒன்று போடுங்கள் என்பது எங்கள் ஆலோசனை. எங்கள் வீடுகளில் இரண்டு பேர்னரை மூடும் பெரிய கிடாரம் வைத்து நெடுநேரம் சமைப்பது சாதாரணம், அப்படி மூடினால் சுடருக்குக் காற்று போதாது.

யார் வந்தாலும், நாங்களே வந்தாலும், காஸ் சேஃப் அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முன்பக்கத்தில் படமும் இலக்கமும் முடிவுத் திகதியும் இருக்கும். பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதியானவர் என்று இருக்கும், குக்கர் மட்டும் தெரிந்தவர் பொயிலரில் கை வைக்கக் கூடாது. ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறார் என்றால், யார் செய்விப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தாலும் வீடு உங்கள் பெயரில்தான் இருக்கிறது, பிரதியை வாங்கி வையுங்கள். குடியிருந்தவர் தன் குக்கரை விட்டுவிட்டுப் போய், நீங்கள் அதை அடுத்தவருக்குக் கொடுத்தால், அன்றிலிருந்து அதுவும் உங்கள் பொறுப்பு.

காஸ் மணம் வந்தால், அல்லது காபன் மொனொக்சைட் சந்தேகம் என்றால் முதலில் எங்களை அழைக்க வேண்டாம். மீற்றரில் காஸை மூடி, யன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து, 0800 111 999க்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். லைட் சுவிட்சைத் தொட வேண்டாம். இந்த இலக்கத்தைக் குசினிச் சுவரில் ஒட்டி வைக்க, வரும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட ஒரு தாள் கொண்டுவருகிறோம். கேட்காமலே ஒட்டிவிட்டுப் போவோம்.

நாள் குறிக்க அழைக்கும்போது கடைசி அறிக்கையின் படம், வீட்டில் இருப்பவரின் தொலைபேசி இலக்கம், யாராவது ஹோலில் நித்திரை கொள்கிறார்களா, அண்மையில் ஏதாவது கட்டினீர்களா என்ற விபரம், இவ்வளவும் தந்தால் போதும். மீற்றர் பெட்டிக்கு முன்னால் அடுக்கியிருக்கும் சாமான்களை முதல்நாளே விலக்கி வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் காஸ் எஞ்சினியர்கள்
ஹரோ, லண்டன்