பெட்டி வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் அடசல் பெருகிவிட்டது என்று யார் சொன்னாலும், வீட்டுக் குறிப்பு எழுதுகிறவர்கள் கையோடு நீட்டும் மருந்து ஒன்றுதான்: இன்னோர் அலமாரி, கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கும் பெட்டிகள், கதவுக்குப் பின்னால் மாட்டும் பைகள். இடம் போதாமைதான் காரணம் என்றால் பெரிய வீட்டில் அடசலே இருக்கக் கூடாது. அங்கேயும் பரண் நிறைந்துதான் கிடக்கிறது. ஒரு பொருள் வீட்டுக்குள் வர யாரும் யோசிக்க வேண்டியதில்லை. வெளியே போக வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட மூலை நிறைகிறது.

கணக்கு எளிது. நாளைக்கு ஒரே ஒரு பொருள் கூடுதலாகத் தங்கினாலும் ஆண்டுக்கு 365. இலவசமாக வந்த பேனா, பழைய கைபேசியின் சார்ஜர், மூடியோடு கூடிய கண்ணாடிப் புட்டி, உறுதியான அட்டைப்பெட்டி. இவற்றில் எதுவும் குப்பையாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே போயிருக்கும். அடசல் குட்டியும் போடும்: இருக்கிற கத்தரிக்கோல் கண்ணில் படாததால் இன்னொன்று வாங்குகிறோம், மறுமாதம் பழையது கிடைக்கிறது, இப்போது வீட்டில் இரண்டு.

கைவிட மனம் வராததற்கும் காரணம் உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேரிடம் ஆளுக்கொரு குவளை கொடுத்து அதை விற்க என்ன விலை வேண்டும் என்று கேட்டார்கள். குவளை கிடைக்காதவர்கள் தர முன்வந்த விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள் கிடைத்தவர்கள். கைக்கு வந்த சில நிமிடங்களிலேயே மதிப்பு ஏறிவிடுகிறது. ஆகவே, ‘என்றைக்காவது பயன்படுமா’ என்று கேட்டால் எல்லாப் பொருளுக்கும் ‘பயன்படும்’ என்றே பதில் வரும். ‘இன்று இது என்னிடம் இல்லையென்றால் காசு கொடுத்து வாங்குவேனா’ என்று கேட்க வேண்டும்.

வைத்திருந்தால் அப்படியே இருக்கும் என்பதும் தப்பு. சில காலணிகளின் அடிப்பாகம் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றின் ஈரத்தாலேயே அது சிதையும், போடாமல் பத்திரமாக மூடி வைத்த ஜோடி, எடுத்துப் போட்ட அன்றே பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் வளையங்கள் விரிசல் விடும். டார்ச்சிலும் பொம்மையிலும் மறந்துபோன ஆல்கலைன் பேட்டரி கசிந்து தகட்டை அரிக்கும். அந்த வெள்ளைப் பூச்சு காரத்தன்மை கொண்டது. வெறுங்கையால் தொடாமல் வினிகரில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். கட்டுக்கட்டான காகிதத்தையும் அட்டைப்பெட்டியின் பசையையும் இராமபாணப் பூச்சி தின்னும். நெளிவு அட்டையின் இடுக்கு கரப்பான் முட்டையிடத் தோதான இடம். இவற்றையெல்லாம் விடப் பெரியது, அவசரத்தில் வெளியேறும் வழி. கதவு முழுதாகத் திறக்க வேண்டும். மின் இணைப்புப் பெட்டிக்கு முன்னால் 3 அடியாவது காலியாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வீட்டில் மற்றவை எதையும் தொடும் முன் இவற்றைச் சரிசெய்யுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். வீடு முழுவதையும் ஒரே நாளில் கவிழ்ப்பவர்கள் மாலையில் களைத்துப்போய் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே திணிப்பார்கள். ஓர் இழுப்பறை, அரை மணி நேரம், அவ்வளவே போதும். தரையில் பழைய போர்வையை விரித்து இழுப்பறையை முழுதாகக் கவிழ்த்துவிடுங்கள். உள்ளே கையை விட்டுத் துழாவி வேண்டாததை மட்டும் பொறுக்கினால் உடைந்ததும் கிழிந்ததும்தான் கையில் வரும், மற்றவை பழைய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கவிழ்த்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். வெளியே போவதற்கல்ல, உள்ளே திரும்புவதற்குத்தான் ஒவ்வொரு பொருளும் காரணம் சொல்லியாக வேண்டும்.

குவியல்கள் நான்கு: இருக்கட்டும், போகட்டும், வேறு அறைக்கு உரியது, சந்தேகம். வேறு அறைக்கு உரியதைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவில் எழுந்து போகாதீர்கள். போன இடத்தில் இன்னொரு வேலை பிடித்துக்கொள்ளும், அரை மணி கரைந்துவிடும். சந்தேகத்துக்கு ஒரே ஒரு பெட்டிதான். அதை மூடி டேப் ஒட்டி, மேலே தேதியை மட்டும் எழுதுங்கள், உள்ளே என்ன என்று எழுத வேண்டாம். தேவைப்பட்டால் தானே நினைவு வரும். 6 மாதம் வரை தேடி வராதது போகலாம். சொத்துப் பத்திரம், சான்றிதழ், சாவி, மருந்து ஆகியவற்றுக்கு இந்தப் பெட்டி விலக்கு.

எதில் தொடங்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். புகைப்படமும் கடிதமும் கையில் வந்தால் அன்றைய வேலை முடிந்தது. ஒன்றுக்கு மேல் இருப்பவை, காலாவதியானவை, எதற்கு என்றே தெரியாத வயர்கள் இவற்றில் தொடங்கி, துணிக்கும் காகிதத்துக்கும் போய், நினைவுப் பொருட்களைக் கடைசிக்கு விடுங்கள். துணிக்கு ஒரு வழி: எல்லா ஹேங்கர்களையும் திருப்பி மாட்டிவிட்டு, உடுத்திய உடையை மட்டும் நேராக மாட்டுங்கள். ஓராண்டு கழித்தும் திரும்பியே இருப்பவை எவை என்று பார்த்தாலே போதும். காகிதத்தில், வெப்பத்தால் அச்சாகும் ரசீதுகள் மங்கிப்போகும் என்பதால் உத்தரவாதம் உள்ளவற்றைப் படமெடுத்து வையுங்கள்.

‘போகட்டும்’ குவியலைக் கட்டி வாசலோரம் வைத்தால் அது அங்கேயே குடியிருக்கும், போகவர ஒவ்வொன்றாக உள்ளே திரும்பும். ஆகவே யாருக்கு, எங்கே, எப்போது என்பதை முடிவு செய்துவிட்டே இழுப்பறையைத் திறக்க வேண்டும். மூட்டை அன்றைக்கே வீட்டை விட்டுப் போக வேண்டும். கொடுக்கிற துணியும் அடுத்தவர் உடுத்தக்கூடியதாக இருக்கட்டும். கிழிசலைத் தானம் என்று தள்ளிவிட்டால் நம் வேலை இன்னொருவர் தலையில் விழுகிறது.

எல்லாமே குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. மூடியைத் திறந்துவிட்ட கண் சொட்டு மருந்தைப் பொதுவாக 4 வாரத்துக்கு மேல் வைப்பதில்லை. காலாவதியான மாத்திரைகளைத் திரும்பப் பெறும் வசதி இருந்தால் அங்கே கொடுக்கலாம். இல்லையேல் மண்ணோடு கலந்து பையில் இறுகக் கட்டிப் போடலாம், சாக்கடையில் கொட்ட வேண்டாம். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு பெறும் இடத்தில் சேர்க்க வேண்டும். உப்பிப்போன பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. பழைய கைபேசியைக் கொடுக்கும் முன் கணக்குகளிலிருந்து வெளியேறி, அதன்பின் முழுதாக அழித்து, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள்.

எஞ்சியதை அடுக்கும்போது தட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். ஒன்றை எடுக்க இரண்டை நகர்த்த வேண்டியிருந்தால், எடுத்தது திரும்ப அங்கே போகாது, மேசை மேல் உட்காரும். பெட்டிக்குள் பெட்டி வைக்கும் யோசனைகள் தோற்பது இதனால்தான். பெட்டி வேண்டுமா, எந்த அளவில் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான் தெரியும். பல வீடுகளில் இருக்கிற பெட்டிகளே மிஞ்சும்.

அடுத்தவர் பொருளை அவர் இல்லாத நேரம் பார்த்துக் கழித்துக்கட்டுவதையும் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். தவறு. எதையும் கைவிடவே முடியாமல், புழங்கும் அறைகள் புழங்க முடியாதபடி நிறைந்து போவது ஒரு மனநலக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியது. அப்படிப்பட்டவரின் வீட்டை வலுக்கட்டாயமாகக் காலி செய்தால் பொருள் மறுபடி சேரும், வீட்டார் மேல் இருந்த நம்பிக்கைதான் போகும். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்குள் அவரிடம் பேசிச் சம்மதம் வாங்க வேண்டியது மூன்று இடங்களுக்கு மட்டும்: வாசல், அடுப்பைச் சுற்றி, மின் பெட்டிக்கு முன்.

இப்படிக்கு,
வாசகர்